அழிந்துபோன விலங்கின் வேலையை வேறு நாட்டு விலங்கு செய்யுமா?

கேள்வி இதுதான். ஒரு காட்டிலோ தீவிலோ முக்கியமான ஒரு விலங்கு அடியோடு அழிந்துவிட்டது. அதனால் அந்த இடத்தின் சூழலே குலைந்து கிடக்கிறது. அழிந்ததைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. அதைப்போன்ற வேறு நாட்டு விலங்கைக் கொண்டுவந்து விட்டால் அந்த இடம் மீளுமா? வந்த விலங்கே புதிய தொல்லையாக மாறிவிடாதா? பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும்?

முடியும். சில இடங்களில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நன்றாக நடந்தவை கொஞ்சம்தான், அவற்றிலும் பெரும்பகுதி சின்னச் சின்னத் தீவுகளில் நடந்தவை. தொல்லையாக மாறும் ஆபத்து உண்மையானது. அந்த ஆபத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்பது, கொண்டுவருவதற்கு முன்னால் என்ன கேள்வி கேட்டோம் என்பதைப் பொறுத்தது. "எந்த விலங்கைக் கொண்டுவரலாம்?" என்று தொடங்கியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொண்டார்கள். "இங்கே எந்த வேலை நின்றுபோயிற்று?" என்று தொடங்கியவர்கள்தான் ஓரளவு கரை சேர்ந்தார்கள்.

வேலை என்று நான் சொல்வது மிகச் சாதாரணமான விஷயங்களை. பழத்தை விழுங்கி விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுவது, புல்லை மேய்ந்து கட்டையாக வைப்பது, நண்டையோ எலியையோ அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது. ஒரு விலங்கு அழியும்போது அதன் உடம்பு மட்டும் போவதில்லை, அது தினமும் செய்துவந்த இந்த வேலையும் நின்றுவிடுகிறது. அந்த வேலைக்கு வேறோர் இனத்தை அமர்த்துவதைச் சூழலியலாளர்கள் 'சூழலியல் பதிலி' என்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இதற்குத் தனி இடம் உண்டு. அழிந்த இடத்தில் அதே இனத்தைத் திரும்ப விடுவது வேறு, இது வேறு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டதை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். அது மறு அறிமுகம். ஓநாய் இருந்த இடத்துக்கே ஓநாய் வந்தது. நாம் பேசுவது, இருந்த இனம் உலகத்திலேயே இல்லை என்ற நிலையைப் பற்றி.

இதில் மிகத் தெளிவான கதை மொரீஷியஸில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லா முயற்சிகளையும் எடைபோட இதுதான் எனக்குத் தராசு.

மொரீஷியஸ், ரோட்ரிக்ஸ், ரியூனியன் ஆகிய மூன்று தீவுகளிலும் சேர்த்து ஐந்து வகை ராட்சத நில ஆமைகள் வாழ்ந்தன. பாலூட்டி மேய்ச்சல் விலங்கு ஒன்றுகூட இல்லாத தீவுகள் அவை. மற்ற இடங்களில் மானும் மாடும் செய்கிற வேலையை அங்கே ஆமைகள் செய்தன. கப்பல்கள் வந்தன. மாதக்கணக்கில் தீனியும் தண்ணீரும் இல்லாமல் உயிரோடு கிடக்கும் ஆமை, மாலுமிகளுக்குக் கெட்டுப்போகாத இறைச்சிக் கிடங்கு போல ஆயிற்று. கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். கூடவே வந்த எலியும் பன்றியும் பூனையும் முட்டையையும் குஞ்சையும் தின்றன. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐந்து வகையும் முடிந்துவிட்டன.

மொரீஷியஸ் கரைக்குப் பக்கத்திலேயே இல் ஓ எக்ரெத் என்று சுமார் 26 ஹெக்டேர் உள்ள ஒரு பவளத் தீவு இருக்கிறது. அங்கே ஒரு கருங்காலி இனம் வளர்கிறது, உலகத்தில் மிக அரிதானது. விறகுக்காக அதை வெட்டித் தள்ளியது 1980-கள் வரை நடந்தது. அப்புறம் வெட்டுவது நின்றது, எலிகளை ஒழித்தார்கள், பாதுகாப்பு வந்தது. ஆனாலும் வெட்டப்பட்ட பகுதிகளில் கருங்காலி திரும்ப முளைக்கவில்லை. காரணம் மரத்தடியில் கிடந்தது. பெரிய, கனமான பழம். தாய் மரத்துக்கு நேர் கீழே விழுந்து அங்கேயே கிடக்கும். முளைக்கிற கன்றுகளும் அங்கேயே நெருக்கியடித்து நிற்கும். அந்தப் பழத்தை முழுசாக விழுங்கக்கூடிய வாய் தீவில் ஒன்றுகூட மிச்சமில்லை. மரம் இருந்தது, பழம் இருந்தது, சுமந்து போகத்தான் ஆள் இல்லை.

2000-ஆம் ஆண்டில் அங்கே அல்டாப்ரா ராட்சத ஆமைகளை விட்டார்கள். அல்டாப்ரா சேஷெல்ஸைச் சேர்ந்த பவளத் திட்டு, மொரீஷியஸிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் தீவுகளின் ராட்சத ஆமைகளில் இன்று மிஞ்சியிருப்பது அந்த ஒரே இனம்தான். முதலில் வேலி போட்ட அடைப்புக்குள் சில ஆமைகளை மட்டும் விட்டு, எதைத் தின்கின்றன, எதை மிதிக்கின்றன என்று பார்த்தார்கள். நாட்டுச் செடிகளுக்குப் பெரிய சேதமில்லை என்று தெரிந்த பிறகுதான் தீவில் அவிழ்த்து விட்டார்கள்.

ஆமை மெதுவாக நகரும் என்பது நமக்கு ஒரு குறையாகத் தெரியலாம். இந்த வேலைக்கு அதுதான் தகுதி. கருங்காலி மரத்தடியில் பழத்தைப் பார்த்ததும் கழுத்தை நீட்டி, தோலோடும் விதையோடும் விழுங்கிவிட்டு நகர்கிறது. அந்த விதை ஆமையின் குடலில் நாட்கணக்கில் பயணம் செய்கிறது. ஆமை அங்கே இங்கே மேய்ந்து, வெயிலுக்கு ஒதுங்கி, தீவின் வேறொரு மூலையில் சாணம் போடுகிறது. விதை அங்கே எருவோடு சேர்ந்து மண்ணில் உட்கார்கிறது. குடல் வழியாக வந்த விதை, சும்மா கிடந்த விதையைவிட நன்றாக முளைத்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முன்பு வெட்டப்பட்டு வெறுமையாகக் கிடந்த பகுதிகளில் கருங்காலிக் கன்றுகள் கூட்டமாக எழுந்தன. இந்த முடிவுகள் 2011-இல் வெளியாயின.

இன்னொரு நுணுக்கமும் இதில் உண்டு. மொரீஷியஸின் நாட்டுச் செடிகள் பலவற்றில், இளங்கன்றின் இலை ஒரு மாதிரியும் வளர்ந்த மரத்தின் இலை வேறு மாதிரியும் இருக்கும். தரையோடு ஒட்டிய உயரத்தில் ஒரு வடிவம், நிறம். ஆமையின் கழுத்து எட்டாத உயரத்துக்குப் போனதும் வேறு. இந்த இரண்டு வகை இலையையும் அல்டாப்ரா ஆமைகளின் முன்னால் வைத்துச் சோதித்தபோது, அவை இளங்கன்றின் இலையைப் பெரும்பாலும் ஒதுக்கின. அதாவது அழிந்துபோன ஆமையிடமிருந்து தப்பிக்க அந்தச் செடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்துவைத்த ஏற்பாடு, வந்து சேர்ந்த ஆமையிடமும் செல்லுபடியானது. வெளியிலிருந்து வந்து பரவிய களைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே ஆமைகள் களைகளைத்தான் அதிகம் மேய்ந்தன. 2007 முதல் ரவுண்ட் தீவிலும் ஆமைகளை விட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்கே ஆடுகளையும் முயல்களையும் அகற்றிய பிறகு களைகள் தலைதூக்கியிருந்தன. களை பிடுங்க ஆட்களை வருஷம் முழுக்கத் தீவில் வைத்திருக்க முடியாது. ஆமையை வைத்திருக்கலாம்.

இந்த இடத்தில் பலர் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அல்டாப்ரா ஆமை, அழிந்த மொரீஷியஸ் ஆமையின் நெருங்கிய உறவு இல்லை. மரபணு ஆய்வின்படி இரண்டும் மிகப் பழைய காலத்திலேயே பிரிந்துபோன தனித்தனிக் கிளைகள். உருவமும், தீனியும், நடமாட்டமும் ஒத்துப்போனதால்தான் வேலை ஒத்துப்போனது. "நெருங்கிய சொந்தமா?" என்ற கேள்விக்கு இந்தத் துறையில் கொடுக்கப்படும் முக்கியத்துவம் கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம்.

சரி, இப்போது ஆபத்துப் பக்கம். அதற்கு அட்லாண்டிக் கடலில் இருக்கும் பெர்முடாவைப் பார்த்தால் போதும். அந்த ஒரே சின்னத் தீவில் செய்யக்கூடாததும் நடந்தது, செய்யவேண்டியதும் நடந்தது.

1905-இல் பழ ஈக்களைக் கட்டுப்படுத்தலாம் என்று ஜமைக்காவிலிருந்து ஒரு வகை ஓணானைக் கொண்டுவந்தார்கள். ஓணான் பெருகியது. 1940-களில் தீவின் சீடார் மரங்களை வெளியிலிருந்து வந்த செதில் பூச்சிகள் தாக்கின. அவற்றைத் தின்னப் பொறிவண்டுகளை இறக்குமதி செய்தார்கள். அந்தப் பொறிவண்டுகளை ஓணான்கள் தின்றன. தீவின் அடையாளமாக இருந்த சீடார் காடு பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பட்டுப்போனது. அப்புறம் ஓணானைக் கட்டுப்படுத்த 1957-இல் டிரினிடாடிலிருந்து கிஸ்கடி என்னும் பறவைகளைக் கொண்டுவந்தார்கள். கிஸ்கடி எதையும் தின்னும் பறவை. ஓணான் குறையவில்லை. நாட்டுப் பறவைகளின் முட்டைகளும் குஞ்சுகளும், அரணைகளும், பூச்சிகளும் அதன் வாய்க்குள் போயின. தீவுக்கே உரிய சில்வண்டு இனம் மறைந்துபோனதற்கு, சீடார் காடு அழிந்ததோடு கிஸ்கடியும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்டு குத்துகிறது குடைகிறது என்பார்கள். பெர்முடாவில் அது எழுத்துக்கு எழுத்து நடந்தது.

அதே தீவில் இருபது ஆண்டுகள் கழித்து டேவிட் விங்கேட் என்ற இயற்கைப் பாதுகாவலர் வேறு விதமாக யோசித்தார். செந்நிற நில நண்டுகள் அங்கே மிதமிஞ்சிப் பெருகி, எங்கு பார்த்தாலும் வளை தோண்டிக்கொண்டிருந்தன. கோல்ஃப் மைதானங்களில் அவற்றுக்கு விஷம் வைத்தார்கள். நண்டு ஏன் இவ்வளவு பெருகியது என்பதற்கான விடை குகைகளில் கிடைத்த பழைய எலும்புகளில் இருந்தது. பெர்முடாவில் ஒரு காலத்தில் தனி இன இராக்கொக்கு ஒன்று வாழ்ந்திருக்கிறது. நண்டைப் பிடித்து ஓட்டை உடைப்பதற்கேற்ற கனத்த அலகு அதற்கு இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் குடியேறிய பின் அது அழிந்துபோனது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அதன் உறவுக்காரப் பறவை, மஞ்சள் கொண்டை இராக்கொக்கு, இன்றும் இருக்கிறது. அதற்கும் நண்டுதான் பிரதான இரை.

1976 முதல் 1978 வரை ஃபுளோரிடாவிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட குஞ்சுகளை விங்கேட் கொண்டுவந்தார். வளர்ந்த பறவைகளைக் கொண்டுவந்திருந்தால் பறந்து ஊர் திரும்பப் பார்த்திருக்கும். குஞ்சுகளுக்கு அந்தத் தீவின் நில நண்டுகளையே ஊட்டி வளர்த்தார். கண் திறந்து வளர்ந்த இடமும் பெர்முடா, தின்று பழகிய இரையும் பெர்முடா நண்டு. பறக்கத் தொடங்கிய பின் அவை அங்கேயே தங்கின, சில ஆண்டுகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. நண்டுத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

கிஸ்கடியையும் இராக்கொக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெளியிலிருந்து வந்தவை, இரண்டும் ஒரு பிராணியைக் கட்டுப்படுத்த வந்தவை. கிஸ்கடி எந்தப் பறவையின் காலியிடத்தையும் நிரப்ப வரவில்லை. அப்படி ஒரு பறவை அங்கே இருந்ததே இல்லை. அது எதையும் தின்னும். அடக்க வேண்டிய ஓணானோ அதுவே வெளியிலிருந்து வந்தது. இராக்கொக்கு வந்த இடம் ஏற்கனவே ஓர் இராக்கொக்கு இருந்து காலியான இடம். அதன் தீனி குறுகியது. நண்டும் கொக்கும் அந்தத் தீவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தே இருந்தவை. ஆஸ்திரேலியக் கரும்புத் தோட்டங்களில் வண்டைத் தின்ன 1935-இல் விட்ட தேரையும், பசிபிக் தீவுகளில் ராட்சத நத்தையை ஒழிக்க விட்டு, அங்கே மட்டுமே வாழ்ந்த சிறு நத்தை இனங்களைத் துடைத்தெடுத்த கொலைகார நத்தையும் கிஸ்கடியின் வரிசையில் வருபவை. பதிலி என்ற யோசனையையே எதிர்ப்பவர்கள் இந்தக் கதைகளைத்தான் சொல்வார்கள். அவர்களின் பயம் நியாயமானது. ஆனால் அவை பூச்சித் தொல்லைக்கு அவசர மருந்து தேடியவர்கள் செய்த காரியங்கள், இழந்த சூழலை மீட்க நினைத்தவர்கள் செய்தவை இல்லை. வேறுபாடு தெரியாமல் இரண்டையும் ஒரே கூடையில் போட்டால், நல்ல முயற்சியும் கெட்டுப்போகும்.

நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கைத் தொற்றும் புற்றுநோயிலிருந்து காப்பாற்ற, நோயில்லாத 28 விலங்குகளை 2012-லும் 2013-லும் மரியா தீவில் விட்டார்கள். டெவில்கள் நன்றாகப் பெருகின. ஆனால் அங்கே சுமார் 3,000 ஜோடிகளாக இருந்த சிறு பெங்குவின்கள் பத்தாண்டுக்குள் அந்தத் தீவிலிருந்தே இல்லாமல் போயின. டெவில் ஆஸ்திரேலிய மண்ணின் விலங்குதான். ஆனால் அந்தத் தீவில் அது இருந்ததில்லை. தரையில் கூடு வைக்கும் பறவைகள் இருக்கும் தீவுக்கு இரைகொல்லியை அனுப்புவதற்கு எந்தக் காரணமும் போதாது என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு பாடம் பொரி வல்லூறுடையது. டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடு மெலிந்து, 1960-களில் கிழக்கு அமெரிக்காவில் இந்தப் பறவை அடியோடு இல்லாமல் போனது. அங்கிருந்த துணையினம் போய்விட்டதால், டாம் கேட் என்ற பறவையியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் பல கண்டங்களிலிருந்து வந்த வெவ்வேறு துணையினங்களைக் கலந்து இனப்பெருக்கம் செய்து விட்டார்கள். கலப்படம் என்று எதிர்ப்பு வந்தது. ஆனால் பறவை நிலைத்தது, 1999-இல் அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கும் அளவுக்கு. இதில் பலர் மறந்துவிடுவது 1972-ஐ. அந்த ஆண்டுதான் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. அழித்த காரணம் இருக்கும்போதே பறவையை விட்டிருந்தால், எந்தத் துணையினமாக இருந்தாலும் ஓடு மெலிந்துதான் போயிருக்கும்.

இப்போது பெரிய பாலூட்டிகள். இங்கேதான் எனக்கு நம்பிக்கை குறைகிறது.

இந்தியாவின் சிவிங்கிப்புலித் திட்டம் எல்லோருக்கும் தெரியும். (நாளிதழ்களில் இதையும் சிறுத்தை என்றே எழுதிவிடுகிறார்கள். சிறுத்தை வேறு விலங்கு, அது நம் காடுகளில் இன்றும் இருக்கிறது.) 1952-இல் இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. ஆசிய வகையில் மிஞ்சியவை ஈரானில் சில மட்டுமே என்பதால், ஆப்பிரிக்க வகையைக் கொண்டுவந்தார்கள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து 8, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 12, எல்லாம் மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு. மொரீஷியஸ் ஆமைக் கதையோடு ஒப்பிட்டால், இவை அழிந்ததற்கு மிக நெருங்கிய சொந்தம், ஒரே இனத்தின் இரண்டு துணையினங்கள். அப்படியும் என்ன ஆனது?

தென்கோளத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். அந்த விலங்குகளின் உடம்பு அந்தக் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. குனோவில் ஜூலை மாதம் பருவமழையும் புழுக்கமும். சிவிங்கிப்புலிகளோ ஆப்பிரிக்கக் குளிருக்கென்று தடித்த ரோமம் வளர்த்துக்கொண்டன. கழுத்தில் மாட்டிய ரேடியோ பட்டைக்கு அடியில் ஈரம் தங்கியது, தோல் புண்ணானது, ஈ மொய்த்துப் புழு வைத்தது, ரத்தத்தில் நச்சு ஏறியது. 2023-இல் சில விலங்குகள் இப்படித்தான் இறந்தன. நாட்காட்டி மாறினாலும் உடம்பு மாறவில்லை. காகிதத்தில் எழுதிய எந்த ஒப்பீட்டிலும் இந்த விவரம் சிக்கியிருக்காது. குனோவில் குட்டிகள் பிறந்திருக்கின்றன, பிழைத்து வளர்ந்தும் இருக்கின்றன. அதனால் திட்டம் தோற்றது என்று சொல்ல மாட்டேன். என் கேள்வி வேறு: எந்த வேலைக்காக வந்தது? புல்வெளிகளைக் காப்பாற்றச் சிவிங்கிப்புலி ஒரு முகமாக இருக்கும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இந்தியாவின் புல்வெளிகள் தரிசு நிலம் என்ற பெயரில் பறிபோவது உண்மை, அவற்றுக்கு ஒரு பாதுகாவலர் தேவை என்பதும் உண்மை. ஆனால் குனோ பெரும்பகுதி மரங்கள் அடர்ந்த காடு, சுமார் 750 சதுர கிலோமீட்டர். அங்கிருந்த 24 கிராமங்களை இடம் மாற்றியது குஜராத்தின் கிர் சிங்கங்களுக்காக. அந்தச் சிங்கங்களை அங்கே கொண்டுபோகச் சொல்லி 2013-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. சொந்த மண்ணின் விலங்குக்கு ஒதுக்கிய இடம் அது. இந்த வரிசை எனக்கு உறுத்துகிறது.

நெதர்லாந்தின் ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் கதை வேறு வகை. கடலிலிருந்து மீட்ட நிலம் அது, 5,600 ஹெக்டேர் அளவு. ஐரோப்பாவின் காட்டு மாடு 1627-இல் அழிந்துவிட்டது, காட்டுக் குதிரையும் போய்விட்டது. அவற்றின் மேய்ச்சல் வேலையைச் செய்ய 1983 முதல் ஹெக் என்ற மாட்டினத்தையும் கோனிக் என்ற குதிரையினத்தையும், பின்னர் செம்மான்களையும் விட்டார்கள். முதல் இருபது ஆண்டுகளில் அது அற்புதமாகத்தான் தெரிந்தது. பறவைகள் பெருகின, உலகமே வந்து பார்த்தது. ஆனால் சுற்றிலும் வேலி. இரைகொல்லி இல்லை. குளிர்காலத்தில் வேறு மேய்ச்சல் நிலத்துக்குப் போக வழியும் இல்லை. விலங்குகள் ஐயாயிரத்தைத் தாண்டின. 2017–18 குளிர்காலத்தில் 3,000-க்கும் மேற்பட்டவை செத்தன. பட்டினியால் துடிக்க விடாமல் பெரும்பாலானவற்றை வனக் காவலர்களே சுட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று மக்கள் வைக்கோல் கட்டுகளை உள்ளே எறிந்தார்கள். மேய்கிற விலங்கைக் கொண்டுவந்தவர்கள், அதைத் தின்கிற விலங்கையும், அது நகர்ந்து போகும் வழியையும் கொண்டுவரவில்லை. பாதி வேலையைத் திரும்பக் கொண்டுவந்தால் மீதி வேலை மனிதன் தலையில் விழும். அந்த மீதி, துப்பாக்கி.

சைபீரியாவில் செர்ஸ்கி ஊருக்கு அருகே செர்கேய் ஸிமோவும் அவர் மகனும் நடத்தும் சோதனைப் பூங்கா இவற்றைவிடத் துணிச்சலானது. பனியுகத்தில் அங்கே புல்வெளியும் மாபெரும் மந்தைகளும் இருந்தன. குதிரை, கஸ்தூரி எருது, பைசன், ஒட்டகம் என்று 1990-களிலிருந்து கொண்டுவந்து விடுகிறார்கள். அவர்கள் கணக்கு இதுதான்: பனி ஒரு கம்பளி மாதிரி. கனமாகப் படிந்தால் குளிர்காலக் காற்றின் கடுங்குளிர் மண்ணுக்குள் இறங்காது. விலங்குகள் மிதித்து, கிளறி, அந்தக் கம்பளியை மெல்லியதாக்கினால் மண் ஆழமாக உறையும், உள்ளே இருக்கும் கரிமம் வெளியே வந்து புவியைச் சூடாக்காது. பூங்காவுக்குள் மண் குளிர்ச்சியாக இருப்பதை அளந்திருக்கிறார்கள். இருபது சதுர கிலோமீட்டரில் உண்மையாக இருப்பது சைபீரியா முழுவதற்கும் நடக்க எத்தனை லட்சம் விலங்குகள் வேண்டும் என்று நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது. 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், தங்கள் கண்டத்தில் பனியுகத்தில் அழிந்த பெருவிலங்குகளுக்குப் பதிலாக யானையையும் சிங்கத்தையும் வட அமெரிக்காவில் விடலாம் என்று எழுதியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. பதிமூவாயிரம் ஆண்டுகளாக இல்லாத விலங்குக்கு, இன்றைய காடு இன்னும் இடம் வைத்துக் காத்திருக்கிறதா? எனக்கு அது நம்பும்படியாக இல்லை.

கொலம்பியாவின் நீர்யானைகளைப் பற்றியும் கேட்பார்கள் என்று தெரியும். போதைப்பொருள் கடத்தல்காரர் பாப்லோ எஸ்கோபார் 1980-களில் தன் பண்ணைக்குக் கொண்டுவந்த நான்கு நீர்யானைகள், அவர் இறந்தபின் ஆற்றங்கரைகளில் பெருகி நூற்றைம்பதைத் தாண்டிவிட்டன. பழைய காலத்தில் தென்னமெரிக்காவில் வாழ்ந்த பெருவிலங்குகளின் சில வேலைகளை இவை செய்கின்றன என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் அவற்றின் சாணம் சேரும் ஏரிகளில் நீர் கெடுவதும் அளக்கப்பட்டிருக்கிறது. 2022-இல் அரசு அவற்றை ஊடுருவும் இனமாக அறிவித்து, பின்னர் கருத்தடையும் தொடங்கியது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள விலங்கைச் சேற்றில் பிடித்து மயக்கி அறுவை செய்வது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சிரமத்திலிருந்துதான் என் அளவுகோல் வருகிறது. கொண்டுவந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா? ஆமையை முடியும். நூறு கிலோவுக்கு மேல் இருந்தாலும் இரண்டு பேர், நான்கு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். ஓடாது, ஒளியாது, இருபது வயது தாண்டித்தான் முட்டையிடும் பருவத்துக்கே வரும். தவறு என்று தெரிந்தால் திருத்த அவகாசம் இருக்கிறது. தேரையையும் நத்தையையும் கிஸ்கடியையும் திரும்பக் கூப்பிட முடியாது. இதற்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது, அழித்த காரணம் போய்விட்டதா என்பது. எலி, ஆடு, விஷம், வேட்டை எதுவாக இருந்தாலும் அதை முதலில் ஒழிக்க வேண்டும். பிறகு நோய். தனிமைப்படுத்தி, ஒட்டுண்ணியைப் பார்த்து, குடலில் ஊர் விதைகள் வெளியேறும்வரை வைத்திருந்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் விலங்கோடு அதன் ஊரின் களையும் வந்து இறங்கும். உள்ளூர் மக்களைக் கேட்பதை இங்கே கடைசியாகச் சொன்னாலும், செய்யும்போது முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

இவ்வளவு எச்சரிக்கையோடு செய்த ஒரு காரியம் பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுக் கூட்டத்தில் உண்டு. பின்டா தீவில் 1959-இல் விடப்பட்ட மூன்று ஆடுகள் பல்லாயிரமாகப் பெருகித் தீவை மொட்டையடித்தன. அவற்றை ஒழிக்கவே பல பத்தாண்டுகள் ஆயின. பின்டாவின் ஆமை வகையில் எஞ்சியது ஒன்றே ஒன்று, தனிமை ஜார்ஜ் என்று உலகம் அறிந்த கிழட்டு ஆண் ஆமை. அது 2012 ஜூனில் இறந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2010-இல், பல தீவுகளின் கலப்பில் பிறந்த 39 ஆமைகளைக் கருத்தடை செய்து பின்டாவில் விட்டார்கள். அவை பெருகாது. ஆனால் மேயும், பாதை போடும், விதை சுமக்கும். எந்த ஆமை இனம் அந்தத் தீவில் நிரந்தரமாக இருக்கலாம் என்று முடிவாகும்வரை, வேலை மட்டும் நடக்கட்டும் என்ற ஏற்பாடு. அதே தீவுக் கூட்டத்தின் சாண்டா ஃபே தீவில், அங்கிருந்து எப்போதோ அழிந்துபோன ஆமைக்குப் பதிலாக எஸ்பனோலா தீவின் இளம் ஆமைகளை 2015-இல் விட்டார்கள், இருநூறுக்கும் மேல். அந்த முறை கருத்தடை இல்லை.

கடைசிக் கேள்வி, எவ்வளவு காலம். நண்டு குறைய ஐந்தாறு ஆண்டு போதும். விதை முளைப்பது தெரியப் பத்து ஆண்டு. காடு என்று சொல்ல நூறு ஆண்டாவது வேண்டும். இல் ஓ எக்ரெத்தில் இன்று முழங்கால் உயரத்தில் நிற்கும் கருங்காலிக் கன்று மிக மெதுவாக வளரும் மரம். அதை நட்ட ஆமையும் நூறு ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. தான் சுமந்துவந்த விதையிலிருந்து எழுந்த மரத்தின் பழத்தை, அதே ஆமை ஒருநாள் வந்து தின்னக்கூடும்.